உள்ளானின் வால்

குறிஞ்சிப்பாடிக்குக் கிழக்கே, பெருமாள் ஏரிப் பாசனத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே ஈர வயலில் நீண்ட மூக்கை மண்ணில் குத்திக்கொண்டு நடக்கிற எந்தச் சின்னப் பறவைக்கும் ஒரே பெயர்தான்: உள்ளான். கொக்கு, மடையான், ஆள்காட்டி, தாழைக்கோழி எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. ஐப்பசி மழையோடு வந்து பங்குனி வெயிலில் காணாமல் போகிற அந்தப் பழுப்புக் கூட்டம் மட்டும் மொத்தமாக உள்ளான். என் அப்பா அதிலும் ஒரு பிரிவு வைத்திருந்தார்.

“சேத்துல கெடக்குறது வேறடா, மேட்டுல கெடக்குறது வேற. சேத்து உள்ளான் எழும்புனா கோணல் மாணலாப் போவும். மேட்டு உள்ளான் நேரா எழும்பி அந்தாண்ட போய் உக்காந்துக்கும்.”

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, மல்லாட்டைக் கொல்லை வரப்பில் நின்றுகொண்டு சொன்னார். எழும்பியதும் தெரியவில்லை, உட்கார்ந்ததும் தெரியவில்லை. என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. அவர் சொன்னதில் எவ்வளவு சரி என்று பார்க்க எனக்குக் கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டு ஆனது.

1981-இல் நெய்வேலிச் சுரங்கத்தில் ஜி.டபிள்யூ.சி. பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். நிலத்தடி நீர்க் கட்டுப்பாடு. வெளியூர்க்காரர்களுக்கு நெய்வேலி என்றால் பக்கெட் வீல் இயந்திரமும் புகைபோக்கியும்தான் நினைவுக்கு வரும். எங்கள் பிரிவில் இருந்தவர்களுக்கு நெய்வேலி என்றால் தண்ணீர். இந்த ஊரின் கதையே தண்ணீரில்தான் தொடங்குகிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஊற்றுக் கிணறு தோண்டியபோது, தண்ணீரோடு கரும்பழுப்பாக ஒரு பொருளும் வெளியே வந்தது. அதை அவர் அதிகாரிகளுக்குக் காட்டினார். 1956-இல் நிறுவனம் தொடங்கியது. 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரிப் படுகை கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டே மின்சாரம்.

அந்த நாலு ஆண்டும் மண்ணோடு மட்டும் போராடவில்லை. நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு அடைபட்ட நீர்ப்படுகை ஒன்று இருக்கிறது. மேலே இருக்கிற மண்ணை எடுக்க எடுக்க, அந்தத் தண்ணீர் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை அழுத்தம் கொடுத்து அடியிலிருந்து முட்டும். விட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துகொண்டு மேலே வரும். அதனால் சுற்றிலும் ஆழ்துளைக் குழாய்கள் இறக்கி, இரவு பகல், தீபாவளி பொங்கல் பாராமல் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு டன் நிலக்கரி எடுக்கப் பல டன் தண்ணீர். அனல் மின் நிலையத்துக்கும் நகரியத்துக்கும் போக மிச்சம் வாய்க்கால்களில் ஓடும். பரவனாற்றின் வழியே பெருமாள் ஏரிக்கு ஒரு பங்கு, செங்கால் ஓடை வழியே வாலாஜா ஏரிப் பக்கம் ஒரு பங்கு. சித்திரையில் சுற்றுவட்டாரக் குளமெல்லாம் வெடித்துக் கிடக்கும்போதும் இந்த வாய்க்கால்களின் ஓரம் ஈரமாகவே இருக்கும்.

அந்த ஈரத்துக்குப் பறவைகள் வந்தன. சுரங்கத்துக்குள்ளேயே, மழைநீர் சேரும் சம்ப்புகளின் ஓரம்கூட உள்ளான் நடப்பதை நைட் ஷிப்ட் முடிந்து ஏறி வரும்போது பார்த்திருக்கிறேன். மேலே கன்வேயர் இரைச்சல் காதைப் பிளக்கும். அது தன்பாட்டுக்கு மூக்கைக் குத்திக்கொண்டிருக்கும்.

அதற்குப் பெயர் சொல்ல வேண்டும் என்ற ஆசை எனக்கு எப்போது வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் பெயர் சொல்வதற்கு மனிதர்கள் கடந்து வந்த வழியைப் படித்தபோது, அந்த வழியின் இரு முனைகளும் ஒரே ஆண்டில் நிற்பதைக் கண்டேன். அதில் ஒரு முனை எங்கள் ஊர்ப்பக்கமே இருந்தது.

நெய்வேலிக்குப் பக்கத்து ஊர் வடலூர். 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று, அங்கே வள்ளலாரின் சத்திய ஞான சபையில் முதல் ஜோதி தரிசனம் நடந்தது. எந்த உயிரையும் கொல்லாதே, கொன்று தின்னாதே என்பது அந்தச் சபை வாசலிலேயே நிற்கும் நெறி. அதே 1872-இல்தான் ஆலன் ஆக்டேவியன் ஹியூம் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்தியப் பறவைகளுக்கென்றே ‘ஸ்ட்ரே ஃபெதர்ஸ்’ என்ற ஆய்விதழைத் தொடங்கினார். பிற்பாடு 1885-இல் காங்கிரஸ் உருவாகக் காரணமாக இருந்தாரே, அதே ஹியூம்தான். அந்த இதழில் வந்த குறிப்புகளில் பெரும்பாலானவை சுட்டு வீழ்த்திய பறவையைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியவை. அன்றைக்குப் பறவையைச் சந்தேகமில்லாமல் அறிய வேறு வழி இல்லை. சுடு, தோலை உரி, பஞ்சு அடை, சீட்டுக் கட்டு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு ஹியூம் கொடுத்த தோல்களும் முட்டைகளும் எண்பதாயிரத்தை ஒட்டி வரும்.

உள்ளான் விஷயத்தில் இந்தக் கட்டாயம் இன்னும் அதிகம். ஏனென்றால் அதன் பெயர் வாலில் இருக்கிறது.

நம் வயல்களுக்குக் குளிர்காலத்தில் வருகிற உள்ளான்களில், ஆங்கிலேயர் ஸ்னைப் என்று அழைத்த குண்டு உடம்புக்காரர்களில், இரண்டு வகைதான் மிகுதி. விசிறிவால் உள்ளான் ஒன்று, ஊசிவால் உள்ளான் மற்றொன்று. தரையில் நிற்கும்போது இரண்டுக்கும் அதே நீண்ட நேர் மூக்கு, அதே வைக்கோல் கோடுகள் ஓடும் முதுகு, அதே வரியிட்ட தலை. செத்த பறவையின் வாலை விரித்தால் கதை வேறு. விசிறிவாலுக்குப் பொதுவாக 14 வால் இறகுகள். எல்லாம் அகலமானவை, ஓரத்து இறகு உட்பட. ஊசிவாலுக்குப் பொதுவாக 26. நடுவில் உள்ளவை சாதாரண இறகுகள். இரு ஓரங்களிலும் ஏழெட்டு இறகுகள் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒடுங்கி, குண்டூசிகளை வரிசையாகக் குத்தி வைத்ததுபோல் இருக்கும். வால் மூடியிருக்கும்போது இந்த ஊசிகள் நடு இறகுகளுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும்.

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலிருந்தே உள்ளான் சுடுவது வெள்ளைக்காரத் துரைகளின் குளிர்கால விளையாட்டு. கோணல் மாணலாகப் பறக்கும் இந்தச் சின்ன உருவத்தைச் சுட்டு வீழ்த்துவது அவ்வளவு கடினம். மறைந்திருந்து குறி தவறாமல் சுடுபவனை இன்று உலகம் முழுக்க ஸ்னைப்பர் என்கிறார்களே, அந்தச் சொல் 1770-களில் இந்தியாவிலிருந்த படைக்காரர்கள் உள்ளான் வேட்டையைப் பற்றி எழுதிய கடிதங்களில்தான் முதலில் தென்படுகிறது. நம் வயல் சேற்றில் பிறந்து போர்க்களத்துக்குப் போன சொல். சுட்ட உள்ளானை ஜோடிக் கணக்கில் எண்ணினார்கள். இத்தனை ஜோடி என்று நாட்குறிப்பில் எழுதினார்கள். சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 1862 முதல் 1864 வரை வெளியிட்ட ‘பேர்ட்ஸ் ஆஃப் இந்தியா’, ஹியூமும் மார்ஷலும் 1879 தொடங்கி மூன்று தொகுதிகளாகக் கொண்டுவந்த வேட்டைப் பறவை நூல், ஸ்டூவர்ட் பேக்கர் உள்ளானுக்கும் கானமயிலுக்குமாக 1921-இல் எழுதிய தொகுதி, இவையெல்லாம் சுட்டவனின் கையில் இருக்கும் பறவைக்காக எழுதப்பட்டவை. வயலில் நிற்பதை நின்ற இடத்திலேயே அறிய விரும்புகிறவனுக்கு அவற்றில் அதிகம் இல்லை.

எல்லா ஊரும் இதை ஏற்றுக்கொள்ளவும் இல்லை. வேடந்தாங்கல் மக்கள், சிப்பாய்கள் வந்து ஏரியில் பறவை சுடுவதைப் பற்றி முறையிட்டு, 1798-இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்புக்கு எழுத்து வாங்கினார்கள். ஹியூமும் கடைசிவரை துப்பாக்கியோடு இருக்கவில்லை. பிரம்மஞான சபைத் தொடர்பால் சைவ உணவுக்கு மாறினார்; மாதிரிக்காகப் பறவை கொல்வதையும் விட்டார். அவருடைய பறவைப் படிப்பு முடிந்த விதத்தை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கும். சிம்லா வீட்டில் அவர் இருபத்தைந்து ஆண்டுக்குச் சேர்த்த கையெழுத்துக் குறிப்புகளை, அவர் இல்லாத நேரத்தில் வேலைக்காரர் ஒருவர் எடுத்துக் கடைத்தெருவில் பழைய தாள் விலைக்குப் போட்டுவிட்டார். தோல்கள் லண்டனில் பத்திரமாக இருக்கின்றன. எந்தப் பறவை எங்கே, எப்படி நடந்தது என்ற குறிப்புகள் பொட்டலம் மடிக்கப் போயின.

துப்பாக்கிக்கு அடுத்து வலை வந்தது. சாலிம் அலியின் வழிகாட்டுதலில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959 முதல் பறவைகளுக்கு வளையமிடத் தொடங்கியது. நமக்குத் தெற்கே கோடியக்கரை அதன் பெரிய களங்களில் ஒன்றாயிற்று. 1980-களில் அங்கே ஆயிரக்கணக்கில் பிடித்து வளையமிட்டார்கள். பிடித்துக் கொடுத்தவர்கள் பீகாரிலிருந்து வந்த மிர்ஷிகார் என்னும் பரம்பரைப் பறவைபிடிப்பவர்கள். ஓர் இறகு ஒடியாமல் பிடிக்கும் கைப்பக்குவம் அவர்களுடையது. கையில் உயிரோடு ஒரு கொசு உள்ளான். சிறகின் நீளம், மூக்கின் நீளம், எடை எல்லாம் அளந்து எழுதி, காலில் பம்பாய் முகவரி பொறித்த வளையம் மாட்டி, பறக்க விடுவார்கள். வாலை விரித்து எண்ணுவதும் உண்டு. எண்ணி முடித்தபின் பறவை போய்விடும். என் பார்வையில் இந்தியப் பறவை வரலாற்றின் மிகப் பெரிய திருப்பம் இதுதான். சட்டமும் பின்னாலேயே வந்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 1991-இல் அதன் திருத்தம் வேட்டை உரிமங்களின் வாசலை மூடியது.

ஆனால் வலையும் வளையமும் எல்லோருக்கும் உரியவை அல்ல. அதற்கு அனுமதி வேண்டும், பயிற்சி வேண்டும். என்னைப் போன்ற பம்பு ஹவுஸ் ஆளுக்கு மிஞ்சியது கண்தான். பிறகு கேமரா.

தமிழ்நாட்டில் கேமராவைப் பறவை அறிவதற்கான கருவியாக மதித்தவர்களில் மா. கிருஷ்ணனை நான் முதலில் சொல்வேன். பல பாகங்களைத் தாமே பொருத்தி ஒரு கேமராவை உருவாக்கி, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளையில் எடுத்தார்; வண்ணத்தின் பக்கம் போகவில்லை. அவருடைய படங்களை வைத்துக்கொண்டு நான் நீண்ட நேரம் உட்கார்ந்திருக்கிறேன். நிறம் இல்லாத படத்தில் கண் தானாக உருவத்துக்குப் போகிறது. மூக்கு எவ்வளவு நீளம், கண் தலையில் எங்கே இருக்கிறது, இறகின் விளிம்பு எப்படி ஓடுகிறது. நிறம்தான் ஏமாற்றும், உருவம் ஏமாற்றாது என்ற பாடத்தை நான் அங்கேதான் படித்தேன். படித்ததைச் செயலில் காட்டப் பல ஆண்டு ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2008-இல் என் முதல் டிஜிட்டல் கேமராவும் ஒரு 70–300 லென்ஸும் வாங்கினேன். 2009 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல் அன்று, ஊருக்குப் போனவன் பெருமாள் ஏரிக் கரையில் ஓர் உள்ளானைப் பதினைந்தடி தூரத்தில் பார்த்தேன். கோரைக்கு நடுவில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. கூசாமல் நாற்பது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் முதுகின் ஒவ்வொரு கோடும் தெரிந்தது. பறவைப் புத்தகத்தில் முதலில் இருந்த உள்ளான் படத்தோடு ஒத்துப்போயிற்று. ‘விசிறிவால் உள்ளான்’ என்று எழுதி வைத்தேன். பெரிதாக அச்செடுத்துக் கூடத்தில் மாட்டினேன். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். எட்டு ஆண்டு அந்தப் பெயரோடு அது சுவரில் இருந்தது.

2017-இல் பறவை நன்கு தெரிந்த நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். படத்தைக் கிட்டே போய்ப் பார்த்தார். “அண்ணே, வால் எங்கே?” என்று கேட்டார். வால் கோரைக்குள் இருந்தது. “சிறகு விரிச்ச படம் இருக்கா?” இல்லை. நாற்பது படமும் ஒரே உட்கார்வில், ஒரே பக்கம். அவர் முகத்தைச் சுட்டிக் காட்டினார். விசிறிவாலுக்கு மூக்கின் அடியில் கண் வழியாக ஓடும் கறுப்புக் கோடு தடிப்பாகவும் அதற்கு மேலே உள்ள வெளிர் புருவம் மெல்லியதாகவும் இருக்கும்; ஊசிவாலுக்கு அது மாறி வரும். தோள் இறகுகளில் விசிறிவாலுக்கு வெளி விளிம்பில் மட்டும் அகலமான வெளிர்மஞ்சள் பட்டை. ஊசிவாலுக்கு உள்ளும் வெளியும் ஏறக்குறைய சமமான மெல்லிய கரை. என் படத்தில் முகம் ஒரு பக்கம் பேசியது, தோள் இன்னொரு பக்கம் பேசியது. பழைய இறகுகள் தேய்ந்து விளிம்பு கெட்டிருந்தால் இப்படி வரும் என்றார். பறவை எழும்பியிருந்தால் சிறகின் பின் விளிம்பைப் பார்த்திருக்கலாம். விசிறிவாலுக்கு அங்கே தெளிவான வெள்ளைக் கோடு உண்டு; ஊசிவாலுக்கு இருந்தும் இல்லாதது போல். எழும்பும்போது கத்தியதைக் காதில் வாங்கியிருந்தாலும் உதவியிருக்கும். படம் ஊமை.

அன்று இரவு நான் தூங்கவில்லை. தவறு செய்ததற்காக வருந்தவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் எட்டு ஆண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டேனே என்பதுதான் உறுத்தியது. மறுநாள் ஹார்ட் டிஸ்கில் இருந்த ஈரநிலப் பறவைப் படங்களை எல்லாம் எடுத்து முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன். அந்த வேலை இரண்டு மழைக்காலம் நீண்டது.

அதில் தெரிந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். எங்கள் ஊர் மண் படத்தில் பொய் சொல்லும். கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு. அதன் உறவுக்காரப் பறவையான டெம்மிங்க் கொசு உள்ளானுக்கு மஞ்சள் கலந்த பச்சை. சுரங்க வாய்க்கால் ஓரக் களியில் நடந்த பிறகு இரண்டுக்கும் கால் ஒரே கரிநிறம். அப்போது முதுகைப் பார்க்க வேண்டும். டெம்மிங்க் முதுகு கோடில்லாமல் மங்கலாக இருக்கும், பறந்தால் வாலின் இரு ஓரமும் வெள்ளையாக மின்னும். வெள்ளைக் கொக்குகளின் கழுத்து செம்மண்ணில் பழுத்து, உண்ணிக்கொக்கோ என்று மயங்க வைக்கும். பெரிய கொக்கா நடுத்தரக் கொக்கா என்பதை உயரத்தை வைத்துச் சொல்லக் கூடாது. நீண்ட லென்ஸ் தூரத்தை நசுக்கிவிடும், தனியாக நிற்கும் பறவைக்கு அளவே கிடையாது. வாய்ப் பிளவின் கோடு கண்ணுக்கு நேர் கீழே நின்றால் நடுத்தரம், கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரியது. அந்த ஒரு கீற்று படத்தில் தெளிவாக விழுந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம். காலைச் சாய்வெயிலில் எடுத்த படத்தில் எல்லாப் பறவையும் பொன்னிறம். அழகாக இருக்கும், அடையாளத்துக்கு உதவாது.

2019 பொங்கலுக்கு வருவோம். 2015 முதல் தமிழகமெங்கும் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஊருக்குப் போகிறவர்கள் தங்கள் ஊர் ஏரியில், வயலில் பார்த்ததை எண்ணிப் பதிவு செய்கிறார்கள். நான் ஓய்வு பெற்று ஓர் ஆண்டு ஆகியிருந்தது. மகளோடு வயலுக்குப் போனேன். அறுவடை முடிந்த தாள், காய்ந்த மேட்டு நிலம். நாற்பதடி தள்ளி ஒரு கசிவு. காலை ஏழே முக்கால்.

வரப்பின் நிழலில் ஓர் உள்ளான். எங்களைப் பார்த்துவிட்டது, பதுங்கி உட்கார்ந்தது. நாங்களும் உட்கார்ந்தோம். இருபது நிமிடம் எதுவும் நடக்கவில்லை. மகள் என் தோளைத் தொட்டாள். பறவை எழுந்து நின்று, மார்பைக் கோதியது. பிறகு கழுத்தைத் திருப்பி முதுகின் அடியில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியில் மூக்கின் நுனியைத் தேய்த்தது. இடது சிறகைக் கீழே நீட்டி, இடது காலையும் அதோடு நீட்டிச் சோம்பல் முறித்தது. அந்தச் சோம்பலில் வால் விரிந்தது. ஒரு நொடிகூட இருக்காது. என் விரல் பொத்தானை அழுத்தியபடியே இருந்தது.

பதினொரு படம். வீட்டுக்கு வந்து பார்த்தால் பத்தில் வால் மங்கல் அல்லது மூடியிருக்கிறது. ஒன்றில் விரிந்திருக்கிறது. மகள் திரையில் பெரிதாக்கினாள். செம்பழுப்பு நடு இறகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன, அவற்றை எண்ண முடியவில்லை. வலப்பக்க ஓரத்தில் சீமாறு குச்சிபோல் ஒல்லியாக, கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளியிட்ட இறகுகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவள் பென்சில் நுனியால் தொட்டு எண்ணினாள். ஏழு. இடப்பக்கம் நாலு தெரிந்தது, மற்றவை சிறகுக்குப் பின்னால். ஒவ்வொன்றும் அடியிலிருந்து நுனிவரை ஒரே ஒடுக்கம். 1861-இல் சீனாவில் ராபர்ட் ஸ்வின்ஹோ அறிவித்த மூன்றாவது வகை ஒன்று உண்டு. இந்தியாவுக்கு அரிதாகத்தான் வரும். அதன் ஓர இறகுகள் இதைவிட அகலமானவை, படிப்படியாகக் குறுகுபவை. அதையும் வைத்து ஒப்பிட்டோம். பிறகுதான் எழுதினோம்: ஊசிவால் உள்ளான், ஒன்று.

மேட்டு நிலத்தில் இருந்தது. நாங்கள் எழுந்தபோது அதுவும் எழும்பியது. பெரிதாகக் கோணாமல் போய் அந்தாண்டப் புல்லில் உட்கார்ந்தது. ஊசிவால் மற்றதைவிடக் காய்ந்த நிலத்தையும் பொறுத்துக்கொள்ளும், நேராகப் பறக்கும் என்று புத்தகங்களும் சொல்கின்றன. ஒரு பறவையை வைத்து அப்பாவின் வார்த்தை நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏர் ஓட்டும்போது காலடியில் எழும்பியதை ஆயிரம் முறை பார்த்த கண், துப்பாக்கியும் இல்லாமல் லென்ஸும் இல்லாமல் ஒரு வேறுபாட்டைப் பிடித்திருந்தது. அந்த அறிவு எங்கள் ஊரில் யாரிடமும் எழுதி வாங்கப்படவில்லை. கண்ணி வைத்துப் பறவை பிடித்து, கத்தலைக் கேட்டே வகை சொன்ன நரிக்குறவர் பெரியவர்களிடமும் யாரும் உட்கார்ந்து கேட்டு எழுதியதாக நான் அறியவில்லை. அவர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

இதை நான் அவசரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்து நீர்நிலை எதுவும் ஐம்பது ஆண்டு ஒரே மாதிரி இருப்பதில்லை. பல ஆண்டு தூர்ந்து கிடந்த வாலாஜா ஏரி 2010-களில் தூர்வாரப்பட்டு மறுபடி தண்ணீர் பிடித்தது. முதல் அனல் மின் நிலையம் 2020-இல் ஓய்ந்தது. பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் பிடிக்கும் நெல்லின் மேல் இயந்திரம் இறங்கியது, நாடே பார்த்தது. அந்த வயல்களில் எந்த உள்ளான் எத்தனை இருந்தது என்று கேட்டால் யாரிடம் குறிப்பு இருக்கிறது? வயல் போன பிறகு அந்த வயலின் பறவைக்கு மிஞ்சுவது யாரோ எடுத்த படமும் அதன் அடியில் எழுதிய நாலு வார்த்தையும்தான். அந்த நாலு வார்த்தை தவறாக இருந்தால் வரலாறே தவறு.

ஆகவே படம் எடுக்கும் தம்பி தங்கைகளிடம் சில வேண்டுகோள். அழகான ஒரு படத்தோடு நிறுத்தாதீர்கள். பக்கம், முதுகு, முகம் மூன்றும் எடுங்கள். உட்கார்ந்து காத்திருங்கள், பறவை கட்டாயம் சோம்பல் முறிக்கும். விரட்டிப் பறக்கவிட்டுச் சிறகைப் படம் பிடிக்காதீர்கள். சைபீரியாவிலிருந்து வந்த உடம்பு அது, அதற்கு ஒவ்வொரு இரையும் கணக்கு. கேமராவின் தேதியைச் சரிபாருங்கள். எந்த ஊர், சேறா மேடா, எழும்பும்போது எப்படிக் கத்தியது, எப்படிப் பறந்தது என்பதை அன்றைக்கே எழுதுங்கள். வாலும் சிறகும் தெரியாவிட்டால் வகை சொல்லாதீர்கள். ‘உள்ளான்’ என்று மட்டும் எழுதுவது குறைவான பதிவு இல்லை. அது நேர்மையான பதிவு.

எங்கள் வீட்டுக் கூடத்தில் 2009-இல் எடுத்த படம் இன்னும் மாட்டியிருக்கிறது. அடியில் இருந்த சீட்டை மாற்றி எழுதினேன். இப்போது அதில் இருப்பது இவ்வளவுதான்: உள்ளான், பெருமாள் ஏரி, 15-1-2009.